உரக்குவியலா, புழுத்தொட்டியா, வெளியே அனுப்புவதா? தொடக்கப் பள்ளியின் முன்னுள்ள வழிகள்

பள்ளியில் மறுசுழற்சியும் உரத் தயாரிப்பும் தொடங்கலாம் என்று ஒரு கூட்டம் போட்டுப் பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் பேச்சு தொட்டியின் நிறத்துக்கு வந்துவிடும். பச்சையா நீலமா, மூடி வேண்டுமா, மேலே படம் ஒட்டலாமா என்று அரை மணி நேரம் போகும். தொட்டி நிறைந்த பிறகு அதைத் தூக்கிச் செல்வது யார், மழை நாளில் யார், நீண்ட விடுமுறையில் யார் என்ற கேள்வி, எல்லோரும் எழுந்து நாற்காலியை நகர்த்தும்போதுதான் வரும். அப்போது யாராவது ஒருவர் "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார். நான் கலந்துகொண்ட அப்படியொரு கூட்டத்தில் அதைச் சொன்னவன் நானேதான். அந்தத் திட்டம் இரண்டு மாதம் ஓடியது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, எந்த முறையைப் பற்றிப் பேசினாலும் இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுவிடுகிறேன். சாப்பிட்டு முடித்த ஏழு வயதுப் பிள்ளை கையில் தட்டுடன் தொட்டிகளின் முன்னால் நிற்கும்போது எத்தனை முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது? அந்தப் பிள்ளை விளையாட ஓடிய பிறகு, மிச்ச வேலை யார் கையில், எத்தனை நிமிடம் விழுகிறது? கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

முதலில் எடை

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் ஒரு நாள் குப்பையைக் கொட்டி, பிரித்து, நிறுக்க வேண்டும். ஒரு பெரிய தார்ப்பாய், கையுறைகள், ஒரு தராசு போதும். காகிதம், சாப்பாட்டு மிச்சம், திரவம், மற்றவை என்று நான்காகப் பிரித்தால் போதும். பெரியவர்கள் பிரிக்கட்டும், பிள்ளைகள் எடையைக் குறித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் ஆச்சரியப்படுத்துவது திரவம்தான். பாதி குடித்த பாலும் பழச்சாறும் தண்ணீரும் பையைக் கனமாக்குவதோடு காகிதத்தையும் நனைத்துக் கெடுக்கின்றன. தொட்டிகளுக்கு முன்னால் ஊற்றிவிட ஒரு வாளி வைத்தாலே மற்ற எல்லாத் தொட்டிகளின் வேலையும் எளிதாகிறது. உரம், மறுசுழற்சி இரண்டுமே வேண்டாம் என்று முடிவு செய்யும் பள்ளிகூட இந்த வாளியை மட்டும் வைக்கலாம்.

இன்னொன்று, பிரிக்கப்படாத பொட்டலமும் கடிபடாத முழுப் பழமும் அந்தக் குவியலில் நிறையக் கிடைக்கும். அவற்றை உரமாக்குவது வீண். வேண்டாதவர் வைத்துவிட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி ஒரு பகிர்வு மேசை போட்டால், உரக்குழிக்குப் போகிற சுமை அங்கேயே குறையும்.

கணக்குப் போட வசதியாக, 300 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியில் ஆளுக்கு 50 கிராம் வீதம் நாளுக்கு 15 கிலோ சாப்பாட்டு மிச்சம் வருவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளியின் எண் வேறாக இருக்கும். தராசு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உரக்குவியல்

மண்ணும் மரமும் உள்ள பள்ளிக்கு நான் முதலில் சொல்வது மூன்று அறைகள் கொண்ட திறந்த குவியல். ஒவ்வோர் அறையும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுமார் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால் உள்ளே பிறக்கும் சூடு தங்காது. நன்றாக அமைந்த குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூடு சில நாட்கள் நீடித்து, கிளறும்போது ஓரத்தில் கிடந்ததும் நடுவுக்கு வந்துவிட்டால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். நீண்ட கம்பியுள்ள வெப்பமானியைச் செருகி, தினமும் ஒரு பிள்ளை வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் அதுவே ஒரு மாதத்துக்கான அறிவியல் பாடம்.

முறை பழையது. பச்சையும் உலர்ந்ததும் மாறி மாறி அடுக்கி, குறித்த நாளில் கிளறிவிடுவதை 1920களில் இந்தூரில் ஆங்கிலேய வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் ஒழுங்கான செய்முறையாக வகுத்தார். அங்கிருந்த உழவர்களின் பழக்கத்திலிருந்து அவர் கற்றதும் அதில் நிறைய உண்டு. இன்று பள்ளியில் நாம் செய்வது அதன் சிறிய வடிவம்தான். சருகு தரும் கரிமமும் சாப்பாட்டு மிச்சம் தரும் நைட்ரஜனும் ஏறத்தாழ 25-க்கு ஒன்று அல்லது 30-க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். பிள்ளைகளிடம் இதை வாளிக் கணக்காகச் சொன்னால் போதும்: ஒரு வாளி சாப்பாட்டு மிச்சத்துக்கு இரண்டு முதல் மூன்று வாளி சருகு, எப்போதும் மேலே சருகு மூடியிருக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். அம்மோனியா நெடி அடித்தால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, கிளற வேண்டும்.

இனி இதன் குறை. 15 கிலோ சாப்பாட்டு மிச்சம் சுமார் மூன்று வாளி என்று வையுங்கள். அப்படியானால் நாளுக்கு ஆறு முதல் ஒன்பது வாளி சருகு தேவை. வாரத்துக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வாளி. குவியல் முறையை விரும்பித் தொடங்கி நாற்றத்தில் முடித்த பள்ளிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாதவை. மரங்கள் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இலை உதிர்ப்பதில்லை. உதிரும் பருவத்திலேயே சாக்குச் சாக்காகச் சேர்த்து, நனையாத இடத்தில் வைக்க வேண்டும். போதாததற்குக் கிழித்த அட்டைப்பெட்டி, மரச் சீவல், கை துடைத்த காகிதத் துண்டு ஆகியவற்றைச் சேர்க்கலாம். மறுசுழற்சிக்கு ஆகாத காகிதம் இங்கே பயன்படுகிறது என்பதால், இரண்டு திட்டங்களையும் ஒருவரே பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது குறை, கிளறுவது பெரியவர் வேலை. ஒரு கன மீட்டர் ஈரமான குவியலின் எடை அரை டன்னைத் தாண்டலாம். சேர்ப்பதையும் மூடுவதையும் அளப்பதையும் பிள்ளைகள் செய்வார்கள், மண்வெட்டியை ஒரு பெரியவர்தான் பிடிக்க வேண்டும். காய்ந்த குவியலைக் கிளறும்போது பூஞ்சை வித்துகள் பறக்கும், ஆகையால் முதலில் கொஞ்சம் நனைத்துவிட்டு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். இறைச்சியும் பால் பொருளும் எண்ணெயும் சேர்த்தால் எலி வரும். எலியைத் தடுக்க அடியிலும் பக்கத்திலும் நெருக்கமான கம்பி வலை அடிப்பது கட்டாயம். அதைவிட முக்கியம், அந்தப் பொருட்கள் வராமல் பார்ப்பது. அப்படியானால் தட்டுடன் நிற்கும் பிள்ளை, "இது பழமா, இறைச்சியா, பால் கலந்ததா?" என்று யோசிக்க வேண்டியிருக்கும். முடிவுகள் கூடுகின்றன. இதற்கு ஒரு வழி உண்டு: முதல் ஆண்டு பழமும் காய்கறியும் மட்டும் குவியலுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். பழத்தோலைத் தெரியாத பிள்ளை கிடையாது.

புழுத்தொட்டி

பிள்ளைகளின் மனத்தைக் கேட்டால் எல்லா முறைகளையும் புழு தோற்கடித்துவிடும். கண் இல்லாமலே வெளிச்சத்தை உணர்ந்து ஒளிந்துகொள்வதும், தோலாலேயே சுவாசிப்பதும், எலுமிச்சை வடிவில் இருக்கும் சின்னக் கூட்டிலிருந்து குஞ்சு வெளிவருவதும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு அருகில் கிடைக்காது. இதற்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் சிவப்புப் புழு ஐசீனியா ஃபெட்டிடா. தோட்டத்தைத் தோண்டி எடுக்கும் சாதாரண மண்புழு ஆழத்தில் வாழப் பழகியது, தொட்டிக்குள் தாக்குப்பிடிக்காது.

ஆனால் குப்பையைக் குறைக்கும் கருவியாக இதைப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. நல்ல நிலையில் புழுக்கள் தம் எடையில் சுமார் பாதியளவைத்தான் ஒரு நாளில் தின்னும். நமது 15 கிலோவுக்கு 30 கிலோ புழு வேண்டும். இடத்தைக் கணக்கிட்டால், வாரத்துக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கழிவுக்கு ஒரு சதுர அடி பரப்பு என்பது பழகிய கணக்கு. வாரம் 75 கிலோ என்றால் 165 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு சிறிய அறை. அந்த அறையும் 15 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 35-ஐத் தாண்டினால் புழுக்கள் சாகத் தொடங்கும்.

ஆகவே புழுத்தொட்டியைப் பள்ளிக் குப்பைக்குத் தீர்வாக வாங்காதீர்கள். ஒரு வகுப்பறைக்கு ஒரு தொட்டி, ஒரு கிலோ புழு, அந்த வகுப்பின் பழத்தோல் என்று வைத்தால் அது அருமையான ஆசிரியர். ஈரமாக்கிப் பிழிந்த காகிதக் கீற்றுகளே படுக்கை. புளிப்புப் பழத்தோலும் வெங்காயமும் அதிகம் போடக் கூடாது. போட்டதைக் காகிதத்துக்கு அடியில் புதைத்தால் பழ ஈ வராது. சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு: குவியல் கெட்டால் நாறும், புழுத்தொட்டி கெட்டால் சாவு. ஒரு திங்கட்கிழமைக் காலையில் இருபத்தைந்து பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கும்.

சுழல் தொட்டி, நொதிப்பு வாளி, மின் பெட்டி

அச்சில் சுற்றும் மூடிய தொட்டிக்கு எலி பயம் இல்லை, பார்க்கவும் சுத்தம். ஆனால் கொள்ளளவு குறைவு, பாதிக்கு மேல் நிறைந்தால் பிள்ளைகளால் சுற்ற முடியாது, உள்ளே ஈரம் தேங்கிக் களியாகும். சின்னப் பள்ளிக்கு இரண்டு தொட்டிகள் இருந்தால், ஒன்று நிரம்பும்போது மற்றொன்று ஓய்வில் மக்கும். ஒன்று மட்டும் வாங்கினால் எப்போதும் பாதி மக்கியதோடு புதியது கலந்துகொண்டே இருக்கும். முடிந்த உரம் கையில் வராது.

பொகாஷி என்ற நொதிப்பு முறை ஜப்பானிலிருந்து பரவியது. காற்றுப் புகாத வாளியில் சாப்பாட்டு மிச்சத்தைப் போட்டு, நுண்ணுயிர் கலந்த தவிட்டைத் தூவி, அழுத்தி மூடுவார்கள். இறைச்சியும் பால் பொருளும்கூடப் போகும் என்பதால் பிள்ளை எடுக்க வேண்டிய முடிவு ஒன்று குறைகிறது. இரண்டு வாரத்தில் கிடைப்பது ஊறுகாய் மாதிரி நொதித்த பொருள். அதை உரம் என்று சொல்ல முடியாது. மேலும் சில வாரம் மண்ணில் புதைத்தால்தான் மக்கும். தவிட்டைத் தொடர்ந்து வாங்க வேண்டும், அடியில் வடியும் நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். பள்ளி முழுவதற்கும் இது ஒத்துவராது. ஆசிரியர் அறையில் ஒரு வாளி வைத்துக்கொள்ளலாம்.

சில மணி நேரத்தில் உரம் தருவதாக விற்கப்படும் மின் பெட்டிகள் பெரும்பாலும் சாப்பாட்டைச் சூடாக்கி உலர்த்தி அரைக்கின்றன. அளவு குறைவது உண்மை. வெளியே வரும் தூள் மட்கிய உரம் அல்ல, நனைந்தால் மறுபடி பூஞ்சை பிடிக்கும். மின்சாரம் செலவழித்து, பிள்ளைகள் எதையும் பார்க்க முடியாத ஒரு பெட்டியைப் பள்ளியில் வைப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

வெளியே அனுப்புவது

கழிவை எடுத்துச் சென்று பெரிய அளவில் உரமாக்கும் அமைப்பு எட்டும் தூரத்தில் இருந்தால், அதைக் குறைவாக எண்ண வேண்டாம். பள்ளியிலேயே செய்தால்தான் உண்மையான திட்டம் என்ற பெருமிதம் என்னிடமும் இருந்தது. பெரிய உரக்கூடத்தில் சூடு உயர்ந்து நீண்ட நாள் நிற்பதால் இறைச்சி, எலும்பு, பால் பொருள் எல்லாவற்றையும் அவர்கள் வாங்க முடியும். 'மக்கும்' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் தோற்றமுடைய கரண்டியும் கோப்பையும் அங்கேதான் மக்கும். பள்ளிக் குவியலில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடந்து சல்லடையில் திரும்பி வரும். அந்த அமைப்பு அவற்றை ஏற்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஏற்காதவையும் உண்டு.

பிள்ளைக்கு ஒரே ஒரு முடிவு: இது சாப்பாட்டுப் பொருளா, இல்லையா. இந்த எளிமைக்கு விலை, எடுத்துச் செல்லும் கட்டணமும், வண்டி வராத நாளில் வாசலில் நிற்கும் பீப்பாய்களும். பிள்ளைகள் தாங்கள் கொடுத்தது மண்ணாவதைப் பார்ப்பதில்லை என்பதும் இழப்புதான். வகுப்பறைப் புழுத்தொட்டி அந்த இழப்பை நன்றாக ஈடுசெய்கிறது. இடமில்லாத பெரிய பள்ளிக்கு இந்த இணைப்பைவிடச் சிறந்ததை நான் பார்க்கவில்லை.

மறுசுழற்சி: எல்லாம் ஒன்றாகவா, தனித்தனியாகவா

இங்கே முடிவு பள்ளியிலிருந்து தொடங்கக் கூடாது, வாங்குபவரிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் எதை எடுக்கிறார், எப்படிக் கட்டினால் எடுக்கிறார், எது கலந்தால் திருப்பி அனுப்புகிறார் என்பதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே தொட்டியின் எண்ணிக்கையைப் பேசலாம். வாங்க ஆளில்லாத பொருளுக்குத் தொட்டி வைத்தால், பின்வாசலில் எல்லாம் ஒரே குப்பை வண்டியில் ஏறுவதை ஒரு நாள் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். அதன் பிறகு எந்தச் சுவரொட்டியும் எடுபடாது.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடும் முறை பிள்ளைகளுக்கு எளிது. ஆனால் பால் சொட்டும் டப்பா ஒன்று போதும், ஒரு நாள் காகிதத்தைக் கெடுக்க. கலந்த குப்பைக்கு உலகச் சந்தையும் முகம் சுளிக்கிறது. 2018-இல் சீனா தரம் பிரிக்காத காகிதத்தையும் பலவகைப் பிளாஸ்டிக் கழிவையும் வாங்குவதை நிறுத்தியது; மற்ற பலவற்றில் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. பல நாடுகளில் அதுவரை போய்க்கொண்டிருந்த கலப்பு மூட்டைகள் தேங்கின. தொடக்கப் பள்ளியில் காகிதம்தான் பெரும்பகுதி, அதுவும் வகுப்பறையில் உலர்ந்து, சுத்தமாகப் பிறக்கிறது. ஆகவே நான் பாதி பாதியாகச் செய்வதை ஆதரிக்கிறேன்: வகுப்பறையில் காகிதத்துக்கு மட்டும் ஒரு பெட்டி, புட்டியும் டப்பாவும் சாப்பாட்டு இடத்தில் மட்டும். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக்கில் ஒரு தொல்லை உண்டு. மூன்று அம்புகள் சுற்றும் மறுசுழற்சிச் சின்னத்தை 1970-இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். 1988-இல் பிளாஸ்டிக் துறையினர் பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்க ஒன்று முதல் ஏழு வரையிலான எண்ணை அதேபோன்ற அம்பு முக்கோணத்துக்குள் வைத்தார்கள். எண் சொல்வது இது என்ன வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும். மறுசுழற்சிக்குப் போகும் என்ற உறுதி அதில் இல்லை. பெரியவர்களே குழம்பும்போது பிள்ளைகளிடம் முக்கோணத்தைத் தேடச் சொல்வது சரியல்ல. வாங்குபவர் எடுக்கும் பொருட்களையே, கழுவிக் காயவைத்து, தொட்டியின் மேல் கட்டித் தொங்கவிடுங்கள். அச்சிட்ட படத்தைவிட அது நன்றாகப் பேசும்.

அலுமினியத்தைத் தவற விடாதீர்கள். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட மறுசுழற்சியில் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது, வாங்கவும் ஆள் இருப்பார்கள். காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பானப் பெட்டிகளைத் தனி ஆலைகளே பிரிக்க முடியும்; உங்கள் பகுதியில் அந்த வசதி இல்லையென்றால் கூச்சப்படாமல் குப்பை என்றே சொல்லிவிடுங்கள்.

வரிசையும் கைகளும்

300 பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்ய வேண்டும், தொட்டி வரிசை ஒன்றுதான் என்றால், ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நொடி. நான்கு தொட்டிகளுக்குப் பிரிக்க இரண்டு நொடி எந்தப் பிள்ளைக்கும் போதாது. மூன்று வரிசைகள் வைத்தால் ஆறு நொடி. இதைக் கணக்கிடாமல் "பிள்ளைகள் பிரிப்பதே இல்லை" என்று குறைசொல்வது அநியாயம். வரிசைக்கு ஒரு பெரியவர் முதல் மூன்று வாரம் நின்றால் போதும், பிறகு உயர் வகுப்பு மாணவர் இருவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார்கள்.

பொறுப்பை மாணவர் குழுவிடம் விடுவதா, ஓர் ஆசிரியரிடமா, தூய்மைப் பணியாளரிடமா என்பதில் மூன்று வழிகளும் பழக்கத்தில் உள்ளன. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரை நம்பித் தொடங்கிய திட்டம் அவருடைய இடமாற்றத்தோடு போய்விடும். மாணவர் குழு உற்சாகமாகச் செய்யும், தேர்வு வாரத்தில் காணாமல் போகும். தூய்மைப் பணியாளர்தான் ஆண்டு முழுவதும் இருப்பவர், திட்டமிடும் கூட்டத்துக்கு அழைக்கப்படாதவரும் அவரே. முதல் கூட்டத்திலேயே அவரை உட்காரவைத்து, இதனால் அவருக்கு எந்த வேலை குறையும், எது கூடும் என்று நிமிடக் கணக்கில் கேட்க வேண்டும். கூடும் என்று அவர் சொன்னால், அந்த நிமிடங்களுக்கான ஊதியம் ஏற்பாடாகும்வரை தொடங்காமல் இருப்பதே நேர்மை.

விடுமுறை என்ன செய்கிறது

நீண்ட விடுமுறை எல்லா முறைகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. குவியல் பொறுத்துக்கொள்ளும். கடைசி நாளில் நன்கு நனைத்து, கிளறி, சருகால் மூடிவிட்டால் திரும்பி வரும்போது கொஞ்சம் காய்ந்து கிடக்கும், அவ்வளவுதான். நொதிப்பு வாளிகளை மூடியே வைக்கலாம். வெளியே அனுப்பும் பள்ளி, வண்டி கடைசியாக வரும் நாளை மட்டும் தெரிந்துகொண்டு பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். புட்டிகளும் டப்பாக்களும் கழுவாமல் கிடந்தால் எறும்பும் கரப்பானும் விடுமுறையைக் கொண்டாடும்.

புழுத்தொட்டி மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தனியாக விடப்படக் கூடாது. புதிய ஈரக் காகிதமும் கொஞ்சம் பழத்தோலும் போட்டு, வெயில் படாத இடத்தில் வைத்தால் அதுவரை தாங்கும். அதற்கு மேல் போகும் விடுமுறை என்றால் ஒரு பிள்ளையின் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். பெற்றோரின் சம்மதத்துடன் ஆண்டின் தொடக்கத்திலேயே பெயரை எழுதி வாங்கிவிடுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. இரண்டில் ஒரு குடும்பம் கட்டாயம் ஊருக்குப் போய்விடும்.